பூத்ததும் வெட்ட வேண்டிய பூ

போன பருவத்தில் கொல்லைத் தோட்டத்தில் என் தக்காளிச் செடிகள் நின்ற இடத்திலேயே வாடிப் போயின. தண்ணீர் ஊற்றினேன், உரம் வைத்தேன், திட்டியும் பார்த்தேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. விதைக்கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நூற்புழும்மா. கண்ணுக்குத் தெரியாது, மண்ணு முழுக்க இருக்கும்" என்றவர், மருந்து கேட்டால் செண்டுமல்லி விதையை எடுத்து நீட்டினார்.

"ஓரமா நாலு செடி வெச்சா போதாதா?"

"அழகுக்குப் போதும். புழுவுக்குப் போதாது. இந்தத் தடவை காயே போடாதீங்க. தோட்டம் முழுக்க இதையே நெருக்கமா விதைங்க. இதோட வேருதான் புழுவை அடக்கும். நல்லாப் பூத்ததும், விதை கட்டறதுக்கு முன்னாடி, வெட்டி மண்ணுக்குள்ளயே போட்டுக் கொத்தி மூடிடுங்க. பூவைப் பார்த்து மனசு இளகினீங்கன்னா அடுத்த நடவும் போச்சு."

மனசு இளகுவதைப் பற்றி என்னிடம் பேசுகிறார்! என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

விதை முளைத்து வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். பஸ் ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. முப்பது தாண்டியும் அவருக்கு அவள் குட்டிதான், அதனால் எங்கள் எல்லோருக்கும் குட்டி. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு நாங்கள்தான் ஆஸ்பத்திரியில் இருந்தோம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. குட்டிக்கு மயக்கம் தெளிவதற்குள் அண்ணன்காரர் அதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார்.

"பார்த்தா மறக்க முடியாது. பார்க்கலைன்னா கொஞ்ச நாள்ல மறந்துடுவா. யாரும் அவகிட்ட வாயைத் திறக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாதாம். கப்பல்காரரும் போனிலேயே தலையாட்டிவிட்டார்.

குட்டி ஒரே ஒரு தடவை கேட்டாள். "அண்ணி, என்ன குழந்தை?" நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் டாக்டருங்க பார்த்துக்கிட்டாங்கம்மா. நீ தூங்கு" என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பச்சை உடம்புக்காரி, சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. பின்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

செண்டுமல்லி பூக்க ஆரம்பித்ததும்தான் அந்த அறையின் ஜன்னல் திறந்தது. அடுத்து கொல்லைக் கதவு திறந்தது. ஒரு பழைய வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பாத்தி ஓரமாக அவள் உட்கார ஆரம்பித்தாள். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பாள். பசிக்கிறது என்று அவளாகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தப் பூ எப்பவும் இருக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தாம்மா போட்டது. நீ இருக்கற வரைக்கும் இருக்கும்."

கூசாமல் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன், என்ன செய்ய?

குழாயடியில் தட்டுத் தட்டாக நான் வளர்த்து வைத்திருந்த தக்காளி நாற்று இடமில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் பூத்த பூக்களின் அடி காய்ந்து பழுப்பாக ஆரம்பித்திருந்தது. இன்னும் விட்டால் விதை கட்டிவிடும். நடவும் தவறிவிடும். வீட்டுச் சாப்பாட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும் காய் போவது இந்தத் தோட்டத்திலிருந்துதான்.

அடுப்படியில் வைத்து அவரிடம் சொன்னேன். அவரிடம் யோசனை தயாராக இருந்தது.

"நாளைக்கு அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நாங்க திரும்பறதுக்குள்ள வெட்டி மூடிடு. ஆடு புகுந்து மேஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"செண்டுமல்லியை எந்த ஆடுங்க மேயும்? கேட்டா ஆடே சிரிக்கும்."

"உனக்கு எல்லாமே கிண்டல்தான். இப்பதான் எழுந்து உக்காந்திருக்கா. மறுபடி படுத்தான்னா யாரு பொறுப்பு?"

அவள் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாளோ என்று எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனால் திரும்பி வந்து வெறும் மண்ணைப் பார்ப்பாளே. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதும் அவளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல்தானே வைத்திருந்தோம்.

காலையில் அவர் கொல்லைக் குழாயடியில் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். நான் மண்வெட்டியோடு போய்க் குட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"குட்டி, இந்தப் பூவை இன்னிக்கு வெட்டணும். மண்ணுக்காகப் போட்டது. உனக்காகன்னு சொன்னது பொய்."

அவள் பூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும் அண்ணி."

"எப்படி?"

"அத்தனை நாத்து வளர்த்து வெச்சிருக்கீங்க. நடறதுக்கு வேற இடம் எங்க இருக்கு? அதோட, பொய் சொன்னா அண்ணன் காதைத் தடவும். ஆஸ்பத்திரியிலயும் தடவுச்சு. யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்வீங்கன்னுதான் தினமும் இங்க வந்து உக்காந்தேன். பூவைப் பத்தியே சொல்லாதவங்க, என் குழந்தையைப் பத்தி எங்க சொல்லப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

"பொண்ணு" என்றேன்.

"முடி இருந்துச்சா?"

"நிறைய. நெத்தியில வந்து விழுந்துச்சு."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. மூக்கு அப்படியே உன் மூக்கு."

அவள் அழுதாள். வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன்.

சோப்பு முகத்தோடு அவர் ஓடி வந்தார். "என்னடி சொன்ன அவகிட்ட? அறிவிருக்கா உனக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அண்ணியைத் திட்டாத" என்றாள் குட்டி. மூச்சு வாங்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவளைத் தூக்கினியாண்ணா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"தூக்கினேம்மா."

"கனமா இருந்தாளா?"

"இல்லம்மா." அவர் குரல் உடைந்தது. "ஆட்டோ கூப்பிட்டாங்க. நான் ஏறல. நடந்தே போனேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா இறக்கி வைக்கணுமேன்னு சுத்து வழியா நடந்தேன்." இரண்டு கையும் எதையோ ஏந்தியிருப்பதுபோல முன்னால் நீண்டிருந்தன. அது அவருக்கே தெரியவில்லை. "பார்த்தா மறக்க முடியாதுன்னு உன் அண்ணிகிட்ட சொன்னேன், அது என்னைத்தாம்மா. வண்டி ஓட்டும்போதுகூட கையில இருக்கா."

இத்தனை நாளும் பக்கத்தில் படுத்தவருக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது.

குட்டி வாளியிலிருந்து எழுந்தாள். "அண்ணி, போயிட்டு வந்து நானும் வெட்டறேன். அதுவரைக்கும் விட்டு வைங்க." பிறகு அவர் கையைப் பிடித்தாள். "அவளைத் தூக்கிட்டுப் போன அதே வழியில என்னைக் கூட்டிட்டுப் போண்ணா."

முகத்துச் சோப்பைக்கூடத் துடைக்காமல் அவர் செருப்பைத் தேடினார்.