வெற்றிலைக்குள் இரண்டு அலரிப்பூ

ஷெல் விழுந்தபோது யோகராசா வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டிருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தது. மனைவி சீதேவிப்பிள்ளை சேலையைக் கிழித்து அவன் தொடையை இறுக்கிக் கட்டினாள். அவளும் தோணிக்கார நல்லரத்தினமும் அவனைத் தூக்கிவந்து கண்ணகை அம்மன் கோயில் வாசலில் கிடத்தினார்கள்.

ஆஸ்பத்திரி வாவிக்கு அக்கரையில் இருந்தது. பாலத்தால் போனால் ஆமிக்காரர் தங்கள் காவலரணில், சென்றியில், மறிப்பார்கள். காயம்பட்டவனெல்லாம் அவர்களுக்கு ஆயுதம் தூக்கிய இயக்கக்காரன். தோணியில் போனால் அதே சென்றியிலிருந்து சுடுவார்கள்.

"எதால போற? கெதியாச் சொல்லுகா," என்றான் நல்லரத்தினம்.

 மூன்று மாதத்துக்கு முன் அவள் தம்பி அழகரத்தினமும் இதையேதான் கேட்டான். பாலத்தால் போ, அடையாள அட்டை இருக்கிறதுதானே என்று அவள் சொன்னாள். நான்காம் நாள், கைகள் பின்னால் கட்டப்பட்டு, வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் மிதந்தான். அன்றிலிருந்து எத்தனை சுண்டு அரிசி போடுவது என்பதைக்கூட அவள் புருசனைக் கேட்டுத்தான் செய்தாள். இப்போதும் அவனிடமே குனிந்து கேட்டாள்.

யோகராசா பாதிக் கண்ணைத் திறந்தான். "இதையும் என்னட்டயா கேக்கிறாய்?"

அவள் பூசை செய்யும் கப்புகனாரைப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னாள். வெள்ளை வந்தால் தோணி, சிவப்பு வந்தால் பாலம். அவர் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு அலரிப்பூக்களைத் தனித்தனி வெற்றிலையில் மடித்துக் கட்டி, அம்மன் முன்னால் வைத்தார். ஒன்றை எடுக்க அவள் கையை நீட்டினாள்.

அடுத்த ஷெல் கூரையில் விழுந்தது.

தூசி அடங்கியபோது கப்புகனாருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பொட்டலங்கள் அவருடைய இரத்தத்துக்குள் கிடந்தன. சீதேவிப்பிள்ளை கைக்குப் பட்டதை முதலிலும் மற்றதைப் பிறகும் எடுத்துப் பிரித்தாள். இரத்தம் ஊறி இரண்டு பூவும் சிவப்பு. முதலில் எடுத்ததைக் கழுவினால் நிறம் தெரிந்துவிடும். கிணறு இருபதடியில் இருந்தது. எழுந்து நான்கு அடி வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். யோகராசாவின் கட்டு நனைந்து, படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

பூக்களைக் கீழே போட்டாள்.

"தோணியால போவம்."

"பிழையாப் போனாக்கா?" என்றான் நல்லரத்தினம்.

"பிழையாப் போனா, அது நான் சொன்னதாலதான்."

நடு வாவியை நெருங்கும்போது சென்றியிலிருந்து சுடத் தொடங்கினார்கள். முதலில் தண்ணீர் துள்ளியது. பிறகு தோணியின் விளிம்பு பிய்ந்தது. நின்று தடி ஊன்றிக்கொண்டிருந்த நல்லரத்தினத்தின் தாடை பறந்தது. அவன் யோகராசாவின் மேல் விழுந்து, கொஞ்ச நேரம் குமிழ் குமிழாக மூச்சுவிட்டு, அடங்கினான். தோணி தானாகத் திரும்பி, வந்த கரையைப் பார்த்தது. அந்தக் கரைதான் கிட்ட. பாலத்தால் போயிருக்கலாமோ என்ற நினைப்பு அவள் தலைக்குள் வந்து நின்றது. அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, செத்தவனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தடியைப் பிடுங்கினாள். தோணியைத் திருப்பி அக்கரைக்கு ஊன்றினாள். ஒரு துப்பாக்கிச் சன்னம் அவள் காதுமடலைக் கொண்டுபோனது. அவள் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் காலைப் பார்த்தார். எடுத்துவிட்டால் உயிர் தப்பும், நாளைவரை பொறுத்தால் கால் மிஞ்சவும் கூடும், ஆளே போகவும் கூடும் என்றார். கேட்டுச் சொல்ல வேறு ஆட்கள் இல்லையா என்றும் கேட்டார்.

"நான்தான் இருக்கன். வெட்டுங்க," என்றாள் சீதேவிப்பிள்ளை. கையெழுத்துப் போட்ட இடத்தில் இரத்தம் ஒட்டியது.

அவனை உள்ளே கொண்டுபோன பிறகு துறைக்கு வந்தாள். நல்லரத்தினம் தோணிக்குள்ளேயே கிடந்தான். யாரோ சாக்கால் மூடியிருந்தார்கள். அவன் பெண்சாதி இலட்சுமிப்பிள்ளைக்கு ஆர் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது என்று நின்றவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

"தோணியெண்டு சொன்னது நான்," என்றாள் அவள். "நானே சொல்றன்."