அரை அங்குலப் புருவம்

எங்கள் ஊரில் பரிசாகக் கொடுக்கும் கார் லேசில் கிளம்பாது. வாங்கிக்கொள்பவர் ஆச்சரியப்பட வேண்டும். புருவம் அரை அங்குலமாவது உயர வேண்டும். அப்போதுதான் இன்ஜின் உயிர் பெறும். மூன்று தடவை முயன்று பார்க்கலாம். மூன்றிலும் புருவம் அசையவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு நிற்கின்றன. ஒன்றின் மேல் வற்றல் காயப்போடுகிறார்கள். இன்னொன்றில் கோழி அடைகிறது.

இது தெரிந்தும் என் மனைவி செண்பகவல்லிக்குக் கார் வாங்கினேன். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். என் கொழுப்பு, வேறென்ன.

செண்பகம் எதற்கும் ஆச்சரியப்படாதவள். போன மழைக்கு எங்கள் கிணற்றில் ஒரு திமிங்கலம் வந்து சேர்ந்தது. நான் கத்திக்கொண்டே ஓடி வந்து சொன்னேன். "முதல்ல மோட்டாரை நிறுத்துங்க" என்றாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷத்தில் நான் செய்த எதற்கும் அவள் புருவம் நூலளவுகூட ஏறியதில்லை. அதில் எனக்கு ஒரு குறை உண்டு. வெளியே சொன்னதில்லை.

காலை பத்து மணிக்குக் காரை லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். கூடவே புருவ ஆய்வாளர் மரியசூசை வந்தார். சட்டைப் பையில் பென்சில், கையில் ஆறங்குல ஸ்கேல். சிவப்பு வண்டி. மேலே வெல்வெட் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்திருந்தது.

"செண்பகம், இங்க வந்து பாரேன்!" என்றேன்.

மாவு ஆட்டிய கையோடு வந்தாள். நான் துணியை உருவினேன்.

"கார்தானே" என்றாள். "மாடிப்படிக்குக் கீழ கெடந்த பழைய சைக்கிளை முந்தாநாளே தூக்கி ஓரமா வெச்சீங்களே. அப்பவே தெரியும். நல்லாயிருக்கு." கையைக் கழுவ உள்ளே போய்விட்டாள்.

மரியசூசை 'அசைவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் தடவைக்கு மூளையைக் கசக்கினேன். காரை மடித்து பீரோவுக்குள் வைப்பதென்று முடிவாயிற்று. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை மரியசூசை பிடித்துக்கொண்டார். போர்வை மடிப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம், பம்பர் ஒத்துழைக்கவில்லை. நாலாக மடித்து, கல்யாணப் புடவைக்கும் தீபாவளிப் புடவைக்கும் நடுவில் சொருகினோம். பிறகு, கோயிலுக்குப் போகலாம், புடவை மாற்றிக்கொண்டு வா என்று செண்பகத்தை அனுப்பினேன்.

பீரோவைத் திறந்தாள். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏங்க, பட்டுப்புடவை மேல டயரை வெச்சிருக்கீங்களே, கறை படிஞ்சா போகுமா?" என்றாள். "இவரும் சேர்ந்தா இந்த வேலை பாத்தாரு? சார், நீங்க காபி குடிப்பீங்கல்ல?"

மரியசூசை காபி குடித்தார். 'அசைவில்லை' என்று எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல மனுஷர்.

காரை மறுபடி வாசலுக்குக் கொண்டுபோய் உதறி விரித்தோம். எலுமிச்சம்பழங்களைத் திரும்ப வைத்தோம். எனக்கு அழுகை வராத குறை. அந்த வண்டி மேலே வற்றல் காய்வது இப்போதே கண்ணில் தெரிந்தது. எதிர்வீட்டுக் கோழி வேறு வந்து ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"ஒண்ணு பாக்கியிருக்கு சார்" என்றார் மரியசூசை. "யோசிங்க. அவசரமில்ல."

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. செண்பகம் காபி டம்ளரை எடுக்க வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"சாவி உங்க சட்டைப் பையில தொங்குது பாருங்க. பையைக் கிழிச்சிடப் போகுது" என்றாள்.

குனிந்து பார்த்தேன். ஆமாம், காலையிலிருந்து சாவி என் பையில்தான் இருந்தது. அவளுக்குக் கார், எனக்குச் சாவி. செண்பகம் கல்யாணத்துக்கு முன்பு அவள் அப்பாவின் பஞ்சு மில் ஜீப்பை ஓட்டியவள். அவளுடைய லைசென்ஸை நான் ஒரு நாள் பார்த்திருக்கிறேன், போட்டோவில் அழகாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். எதற்கு வைத்திருக்கிறாய் என்றுகூடக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. காது வரைக்கும் சுட்டது.

சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டேன்.

"எங்க போகலாம்? நீயே சொல்லு" என்றேன்.

"நானா?" என்றாள் செண்பகம்.

புருவம் கிளம்பியது. அரை அங்குலம் தாண்டியது. ஒரு அங்குலம். மரியசூசை ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு புருவமும் நெற்றியைக் கடந்து வகிட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றன. இன்ஜின் தானாகவே உறுமியது. எதிர்வீட்டுக் கோழி கோபித்துக்கொண்டு போய்விட்டது.

"ஏறினது இறங்குற வரைக்கும் நான் கூட வரணும், அது விதி" என்று சொல்லிவிட்டு மரியசூசை பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

செண்பகம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைத் திருப்பினாள், கியரைப் போட்டாள். நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவள் என்னமாய் ஓட்டினாள்! பஸ் ஸ்டாண்ட் வளைவில் ஒரு மினிபஸ்ஸை முந்தினாள். நான் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், சந்தோஷமாகவும் இருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பாட்டு வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி, பின்கண்ணாடியைப் பார்த்தாள்.

"வீட்டைப் பூட்டலையா?"

"மறந்துட்டேன்."

"அதான்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஒரு வைக்கோல் லாரிக்குப் பின்னால் எங்கள் வீடு வந்துகொண்டிருந்தது. மாடியில் கொடித்துணி ஆடியது. வேகமாக வந்திருக்க வேண்டும், ஜன்னல்கள் எல்லாம் திறந்து மூடிக்கொண்டிருந்தன. செண்பகம் கையை வெளியே நீட்டி, கொஞ்சம் இடைவெளி விட்டு வரும்படி அதற்குச் சைகை காட்டினாள். கேட் திறந்தது.

மரியசூசை பென்சிலை எடுத்து, 'சாவி, மூன்று அங்குலம்' என்பதற்குக் கீழே, 'வீடு, அசைவில்லை' என்று எழுதிக்கொண்டார்.