இரவல் நாற்காலி

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். பூங்கோதைக்கு இரண்டு பழம் விழுந்துவிட்டது, அதுதான் தொல்லை. சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியும் கூப்பிட்டது, திருச்சியில் ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரியும் கூப்பிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகிற முதல் பெண் அவள். சேதி வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை, சிரிப்பு மட்டும் காரணமில்லாமல் வந்தது.

எதில் படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எதுல படிச்சாலும் வேல தேடி வரும்" என்று அவர் கைகழுவிவிட்டார்.

அப்பா மருதையன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். குறுவை நடவுக்கு இரண்டு பண்ணை ஒரே நேரத்தில் ஆள் கேட்டால் தெருவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மிராசுதார்கள் வரப்புக்கு வந்து கூலி பேசிய பிறகுதான் கால் சேற்றில் இறங்கும். அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய வழக்கம் அது. கல்லூரிகளுக்கும் அதையே நீட்டினார் மனுஷன்.

"கூப்புட்டதும் ஓடுனா மதிக்க மாட்டாங்க. பேசாம இரு. ரெண்டு பேரும் வந்து பேசட்டும்."

தெருவே தலையாட்டியது. அம்மா கண்ணாத்தாள், வருகிறவர்கள் உட்கார டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கி வந்தாள். அதில் கோழிதான் வந்து உட்கார்ந்தது. கடைசி நாள் நெருங்க நெருங்கப் பூங்கோதை தேதியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாளை மாலைக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேராவிட்டால் இரண்டுமே போய்விடும்.

"யாரும் வர மாட்டாங்கப்பா" என்றாள். "நாம போகலன்னா வெளியூர் ஆள எறக்கி நட்டுட்டுப் போயிருவாங்க."

மருதையனுக்குச் சுருக்கென்றது. போராட்டம் நடந்த வருஷம், இவர்கள் பட்டினியோடு உட்கார்ந்திருக்க, லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கியதை அவர் மறக்கவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, எங்க போற?"

அங்கேதான் அவளுக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். "எதுல படிச்சாலும் கம்பெனிக்காரங்க காலேஜுக்கே வந்து ஆள் எடுப்பாங்கப்பா."

"மொதலாளியே வர்றானா?"

"வந்து, சம்பளம் பேசித்தான் எடுப்பாங்க."

மருதையன் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தக் கம்பெனியெல்லாம் எங்க இருக்கு?"

"முக்காவாசி மெட்ராசுலதான்."

"அப்ப கிண்டிக்கு நடந்தே வந்துருவான். திருச்சிக்கு?"

"ரயிலேறித்தான் வரணும்."

"அப்ப திருச்சிக்குப் போ. பொட்டியத் தூக்கிக்கிட்டு, தூக்கம் கெட்டு, ரயிலேறி வரட்டும்."

பூங்கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாத்தாளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது பூங்கோதையின் மனம் ஒரு பக்கமாக நின்றுவிட்டிருந்தது. வாத்தியார் சொல்லாத வித்தியாசத்தை அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"திருச்சிதாம்ப்பா" என்றாள்.

விடிந்ததும் பஸ். கண்ணாத்தாள் கோழியை விரட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்க நாற்காலியைத் தூக்கினாள். மருதையன் அதை வாங்கிக் கீழே வைத்தார். மிராசுதார் எதிரில் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்திராத மனிதர், துண்டால் அதைத் துடைத்தார்.

"ஒக்காரு பூங்கோத."

"பஸ் போயிரும்ப்பா."

"ஒருதரம் ஒக்காந்து பழகிட்டுப் போ. நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து பேசறப்ப எந்திரிச்சு நின்னுறாத."

அவள் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது, ஆனாலும் அப்பா சொல்லும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.