கோணி ஊசித் தையல்

12.08.2024, திங்கள். மெத்தைக்கு அளவு சொன்னதில் தவறிவிட்டேன். அப்பாவின் கட்டில் ஆறடி. நான் ஆறரை என்று சொல்லிவிட்டேன். கால்மாட்டில் அரை அடி தொங்குகிறது. இனி எதையும் இரண்டு முறை அளந்து பார்க்க வேண்டும்.

பூங்குழலி இதைத் தன் நோட்டில் எழுதி ஒன்பது வாரம் ஆகியிருந்தது. நாமக்கல்லில் வேலை முடிந்து அவள் போகும் மாலைநேரத் தட்டச்சு வகுப்பில், தினமும் ஐந்து வரி எழுதிப் பழகினால் பிழை குறையும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அன்று அப்பா அப்பாசாமி தொங்கும் முனையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உன்ற மெத்தை நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது கண்ணு" என்று சிரித்தார்.

இப்போது அந்த நாக்கைத்தான் பெரியப்பா மகன் தனபால் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க சித்தி. சித்தப்பனக் குளிப்பாட்டியாச்சு. வாசல்ல மெத்தையப் போட்டு அதுல படுக்க வெக்கலாம். சனம் வர்ற நேரமாச்சு."

அம்மா பொன்னம்மாள் மெத்தையின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் விரிப்பின் மேல் அகல ஊன்றியிருந்தாள், காயப்போட்ட சாமையைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் காப்பவளைப் போல.

"வேண்டாம் தனபாலு. பாயிலயே கெடக்கட்டும்."

வாசற்படியில் தலைவிரி கோலமாக இருந்த ருக்குமணி அத்தை, செத்தவருக்கு ஒரே தங்கை, ஒப்பாரியை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "மவ வாங்கிக் குடுத்த மெத்தையில எங்கண்ணன் ராசாவாட்டம் படுத்திருந்தாரு! இந்த மலையில எவனுக்கு வாச்சுது? எடுத்துப் போடு, ஊரு பாக்கட்டும்!"

பூங்குழலிக்கும் ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. விடிகாலையில் வரக்காப்பியோடு அம்மா எழுப்பியபோது அப்பா எழவில்லை. போன் வந்து, முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவுகளும் ஏறி அவள் வந்தபோது அவர் தரையில் பாயில் கிடந்தார். உயிர் போனதும் கட்டிலிலிருந்து இறக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அழுதுகொண்டிருக்கும்போதே, மெத்தையாவது வாங்கிக் கொடுத்தோமே என்று ஒரு மூலையில் மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

"எந்திரிங்கம்மா. அப்பாவுக்குத்தான வாங்குனது" என்று அம்மாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். விரிப்பு விலகியது.

மெத்தையின் நடுவே, தலைமாட்டிலிருந்து இறங்கும் ஒரே கோட்டில், வரிசையாகப் புள்ளிகள். தேநீர் நிறம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. இடுப்பு வருகிற இடத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து உள்ளங்கை அளவுக்குப் படர்ந்திருந்தன. வேப்பிலைக்கும் சாம்பிராணிக்கும் அடியிலிருந்து மெல்ல ஒரு வாடை எழுந்தது.

அம்மா விரிப்பை வெடுக்கென்று இழுத்து மூடினாள். தனபால் பார்க்கவில்லை. "ஒத்தையாளு தூக்க முடியாது, ஆளக் கூட்டியாரேன்" என்று வெளியே போனான்.

புள்ளிகள் ஏன் கோடு போட்டாற்போல் இருக்கின்றன என்று பூங்குழலிக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கோடு அவளுக்குத் தெரிந்த கோடு. அவள் கத்தி வைத்த கோடு.

மெத்தை வந்த மூன்றாம் வாரம் ஊருக்கு வந்திருந்தாள். மேலே சுற்றியிருந்த பாலித்தீன் கவர் அப்படியே இருந்தது. அப்பா புரண்டால் காய்ந்த சோளத்தட்டைக்குள் எலி ஓடுவதுபோல் சத்தம். ருக்குமணி அத்தையும் தனபாலும் வந்திருந்தார்கள்.

"மூணு வாரமாக் கவரோடவா படுத்திருக்கீங்க?"

"இருக்கட்டும் கண்ணு. புதுசு கலையாம இருக்குது."

மெத்தை வாங்கும்போது கடைக்காரர் ஜாபர் உசேன்கூட, "பெரியவங்களுக்குங்களா? அடியில ரப்பர் சீட்டு ஒண்ணு போட்டுக்கங்க" என்றுதான் சொன்னார். இன்னொரு பொருளைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்றுவிட்டாள். ஊருக்கு வந்த அன்று வெங்காயம் அரியும் கத்தியை எடுத்துவந்து, கவரை நடுவில் தலையோடு கால் கிழித்தாள். கிழித்துக்கொண்டே சொன்னாள்:

"மெத்தையில ஒண்ணுக்குப் போறதுக்கு நீங்க என்ன கைக்கொழந்தையாப்பா?"

வீடே சிரித்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், மற்றவர்கள் சிரித்த பிறகு கொஞ்சம் தாமதமாக. அம்மா மட்டும் கவரைச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கவரை எடுத்துவிட்டேன், இனி நன்றாகத் தூங்குவார்கள் என்று பூங்குழலி அன்று நோட்டில் எழுதினாள்.

"ரெண்டு வருசமாவே தூக்கத்துல தெரியாமப் போயிருது" என்றாள் அம்மா இப்போது, உதடு அசையாத குரலில். "கவரு இருந்த வரைக்கும் காலையில ஈரத்துணியில தொடச்சிருவேன். மூணு வாரம் நிம்மதியாத் தூங்குனாரு கண்ணு."

"அப்பறம்?"

"நீ போன மக்காநாளு கிழிஞ்ச கவரத் திரும்ப மெத்தையில சுத்தி, கோணி ஊசிய எடுத்து உக்காந்தாரு. மொளகு மூட்ட வாயத் தெக்கிற மாதிரி மடிச்சு மடிச்சுத் தெச்சாரு. தெச்சாச் சரியாப் போயிரும்னு நெனச்சாரு. ஊசி போன ஓட்டை வழியாவெல்லாம் எறங்கிருச்சு. அதுக்கப்பறம் அவரு கட்டில்ல ஏறவே இல்ல."

"நீங்க?"

"எனக்கு மட்டும் எதுக்கு? நானும் கீழதான்."

"போன்ல கேட்டப்பல்லாம்…"

"பஞ்சாட்டம் இருக்குதுன்னு சொல்லச் சொல்லுவாரு. பொழுது எறங்குனாத் தண்ணி தொடமாட்டாரு. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"வெயில்ல போட்டுக் காய வெச்சிருக்கலாமில்லீங்கம்மா."

"வாசல்ல போட்டா ஊரே கேக்குமே, புது மெத்தைய எதுக்குக் காயப்போடுறீங்கன்னு."

தனபால் இரண்டு ஆட்களோடு உள்ளே வந்தான். பூங்குழலி அம்மாவை ஒட்டி மெத்தையில் உட்கார்ந்தாள்.

"மெத்தை வெளிய வராதுண்ணா."

"ஏன் பாப்பா?"

"எனக்கு வேணும். நாமக்கல்லுக்கு எடுத்துட்டுப் போயிருவேன்."

ஒப்பாரி நின்றது. ருக்குமணி அத்தை எழுந்து நிலைப்படிக்கே வந்துவிட்டாள்.

"கேட்டீங்களா இந்தக் கூத்த! அப்பன் ஒடம்ப இன்னும் எடுக்கல, மவ மெத்தைய மூட்ட கட்டுறா! படிச்ச புள்ளையல்ல? கணக்குத் தெரியும்!"

"குடுத்ததத் திருப்பி வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்றான் தனபால். கூட வந்தவர்களில் ஒருவன் வாய்க்குள் சிரித்தான்.

நாலு வார்த்தை சொன்னால் அத்தனை பேர் வாயும் அடைத்துப்போகும். அந்த நாலு வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவுக்கு அந்தப்புறம், வாசல் பெஞ்சில் பாயோடு கிடத்தியிருந்த அப்பாவின் முகம் தெரிந்தது. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் வெள்ளைத்துணி முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

"ஆமாங்கத்த. எனக்கு வேணும்" என்றாள்.

அப்பாசாமி பாயில்தான் போனார். அவரை அடக்கம் செய்தபின், செத்தவர் படுத்த பாய் வீடு திரும்பக்கூடாது என்று அதைக் காட்டோரம் போட்டுவிட்டு வந்தார்கள். குச்சிக்கிழங்குக் கொல்லையிலிருந்து மஞ்சு ஏறி வந்தபோது ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ருக்குமணி அத்தையும் சொல்லிக்கொள்ளாமல் போனாள். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, கோபத்தில் சொல்லவில்லையா என்று பூங்குழலிக்குத் தெரியவில்லை.

அம்மா விளக்கேற்றிவிட்டு, சாமைக் குதிருக்குப் பின்னாலிருந்து மடித்த பாலித்தீனை எடுத்துக் கொடுத்தாள். பூங்குழலி மடியில் விரித்துப் பார்த்தாள். சணல் நூல். நெருக்கமான தையல். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை. விரலை வைத்து இரண்டு முறை அளந்தாள். எங்கும் அளவு தவறவில்லை.

பொன்னம்மாள் பாய் இருந்த மூலையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கட்டிலில் ஏறி, சுவரோரமாக, மெத்தையின் பாதியை விட்டுவிட்டு, ஒருக்களித்துப் படுத்தாள்.

"மெத்துன்னுதான் இருக்குது" என்றாள் சுவரைப் பார்த்து.

பூங்குழலி நோட்டை எடுத்துத் தேதியைப் போட்டாள். தேதிக்குக் கீழே வழக்கமாக அன்றைய பிழையைத்தான் எழுதுவாள். பேனா வைத்த இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறியது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரியில் எழுதினாள்:

நாளை: பால் தெளிக்கப் போகிறவர்களுக்குக் காலையில் பால் வாங்கி வைக்க வேண்டும். வெயில் வந்தால், கொல்லையில் மிளகுக் கொடிகளுக்கு அந்தப்புறம் மெத்தையைக் காயப்போட வேண்டும். புள்ளி உள்ள பக்கம் மேலே.