அப்பா நெருப்பு வகை

என் அப்பாவுக்கு மூக்குமேல் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். அதற்கு வகைபிரித்துப் பெயர் வைத்தவர்கள் நானும் தம்பியும்தான்.

நாங்கள் ஆடும் வீடியோ கேமில் ஒவ்வொரு வீரனும் ஒரு வகை. நெருப்பு செடியை எரிக்கும், தண்ணீர் நெருப்பை அணைக்கும், கல் நெருப்புக்கு மசியாது. யாருக்கு எதிராக யாரை இறக்குவது என்று தெரிந்தால் பாதி ஜெயித்த மாதிரி. பழக்கதோஷத்தில் வீட்டு மனிதர்களையும் அப்படியே பிரித்துவிட்டோம். அப்பா நெருப்பு, அதில் விவாதமே கிடையாது. குரலை உயர்த்தாத அம்மா தண்ணீர். லிஃப்ட் பழுது பார்க்கும் மாமா கல். தலையில் இடி விழுந்தாலும் "ம்" என்பார். ஒரு சொல் பொறுக்காத தொட்டாற்சிணுங்கித் தம்பி செடி. நான் மின்னல் என்றேன். "நீயும் நெருப்புதான்க்கா" என்றான். தலையில் ஒன்று போட்டேன்.

அவனுக்கு ஒரு கேம் கம்பெனியிலிருந்து திங்கட்கிழமை நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. எந்த வகை எதை வெல்ல வேண்டும், எவ்வளவு வெல்ல வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. அவன் பிறந்ததே அதற்குத்தான். ஆனால் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினில் உட்காருவதும் அவன்தான். இனி கடையே மகனுடையது என்று கண் சோதிக்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா வேண்டாம்னா நான் போகமாட்டேன்க்கா."

"வேண்டாம்னு சொல்ல விட்டாத்தானே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை இறக்கினேன். அப்பா சாப்பாட்டு மேஜையில் பழைய ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"என்னங்க, பையன் வேற வேலைக்குப் போகணும்னு ஆசைப்படறான்."

"எனக்குத் தெரியாம என்ன வேலை?"

"தெரிஞ்சா கத்துவீங்கன்னுதான்..."

"நானா கத்தறேன்?" என்று கத்தினார்.

பேச்சு அங்கிருந்து அப்பா கூடத்துக்கு அடித்த ஊதா பெயின்ட்டுக்குத் தாவியது. அதை அம்மா என்றைக்குமே மன்னித்ததில்லை. காய்ந்த வாணலியில் தண்ணீர் தெளித்த கதைதான். முகம் சிவந்து திரும்பி வந்த அம்மா, "இனிமே அந்த மனுஷன்கிட்ட நான் பேசினா என்னன்னு கேளு" என்றாள்.

மாமாவுக்கு போன் போட்டேன். வந்தார், அப்பாவுக்கு எதிரே அசையாமல் உட்கார்ந்தார். அப்பா பொரிந்து தள்ளினார். மாமா "ம்" என்றார். ஒவ்வொரு "ம்"முக்கும் அப்பாவுக்குத் தெம்பு கூடியது. கிளம்பும்போது மாமா என்னிடம், "அத்தான் சொல்றதும் சரிதானேம்மா" என்றார். கல்லுளிமங்கன் கட்சி மாறிவிட்டார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

"நானே போய்ச் சொல்லட்டுமா?" என்றான் தம்பி.

"மூளை இருக்காடா உனக்கு? நெருப்பு முன்னாடி செடி நிக்குமா? சாம்பல்கூட மிஞ்சாது. பேசாம உட்காரு."

அடுத்த ஆளை யோசிப்பதற்குள் அப்பாவே எங்கள் அறைக்கு வந்துவிட்டார்.

"காலையிலேர்ந்து எல்லாரும் வந்து பேசியாச்சு. பேச வேண்டியவன் எங்க?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா ஒரு விரலை நீட்டினார். மூடிக்கொண்டேன்.

தம்பி திக்கித் திணறி வேலையைப் பற்றிச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வகைகளை விளக்குகிறேன் என்று ஆரம்பித்து, "நீங்க நெருப்புப்பா, அதான் அக்கா முதல்ல அம்மாவை அனுப்பினா" என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். நான் தரையைப் பார்த்தேன்.

"நெருப்பா?" என்றார் அப்பா. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. பிறகு முகம் மாறியது. "அப்ப நான் எதிராளியா?"

தம்பி என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"என்னை எப்படி ஜெயிக்கறதுன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிச்சிருக்கீங்க. உங்க பக்கம் சேர்த்துக்கலாம்னு ஒருத்தருக்கும் தோணலையாடா?"

குரல் உயரவே இல்லை. அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாகவும் வலியாகவும் இருந்தது.

"கடைப்பா..." என்றான் தம்பி.

"கடையை நான் பார்த்துக்கறேன். எனக்கு என்ன கையா ஒடிஞ்சு போச்சு? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம்ப்பா!" என்று இருவரும் அலறினோம். கேட்கவில்லை. ரகளை நடந்தால் தடுக்கலாம் என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

கம்பெனி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "இன்னைக்கு யாரும் வர்றதா எங்கிட்ட சொல்லலையே. இன்னொரு நாள் வாங்க."

தம்பி உடனே சுருங்கிவிட்டான். "பரவாயில்லைப்பா, வீட்டுக்குப் போயிடலாம்."

அப்பா காரிலிருந்து இறங்கினார். "கூப்பிட்டது அவங்க! உள்ள போன் போட்டுக் கேளுங்க! என் பையன் உள்ள போகாம நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்!"

எதிர்ச்சாரியில் நடந்து போனவர்கள் நின்றுவிட்டார்கள். மாடியில் ஜன்னல்கள் திறந்தன. ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, வாசலில் சொல்ல மறந்தது தன் தப்புதான் என்று காவலாளியிடமும் எங்களிடமும் மன்னிப்புக் கேட்டாள். கேட் திறந்தது. தம்பி நிமிர்ந்து உள்ளே போனான்.

அப்பா திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"ரொம்பக் கத்திட்டேனாம்மா?"

"இல்லப்பா" என்றேன். "சரியான அளவுதான்."