தொட்டில் கொக்கியில் ஒரு ரெக்கார்டு

ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெரு தூங்குவதே இல்லை. ஆனாலும் தெருவே தூக்கத்தில் நடந்துகொண்டிருப்பது போலத்தான் எனக்கு எப்போதும் தோன்றும். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் நாலு விசைத்தறி, பக்கத்து வீட்டில் ஆறு, எதிரே எட்டு. எல்லாம் சேர்ந்து தரையை மெல்ல உலுக்கிக்கொண்டே இருக்கும். தம்ளரில் தண்ணீர் வைத்தால் வட்டம் வட்டமாக அலை எழும். இருபத்திரண்டு வருடமாக அந்த அலையைப் பார்க்கிறேன். அது எனக்கு எதிரியானது இந்த ஒரு வாரமாகத்தான்.

சேலத்தில் ஒரு காபிக் கடை மொட்டைமாடியில் சனிக்கிழமை சாயங்காலம் பழைய இசைத்தட்டு ரெக்கார்டு மட்டும் வைத்து டிஜே நடத்துகிறார்கள். லேப்டாப், பென் டிரைவ் எதுவும் கூடாது. நானும் வரலாமா என்று அதை நடத்தும் குருமூர்த்தியிடம் கேட்டேன். இருபது நிமிடம், நடுவில் வெட்டாமல் ஒட்டாமல் பதிவு செய்து ஞாயிறு ஆறு மணிக்குள் அனுப்பச் சொன்னார். பிடித்திருந்தால் ஒரு மணி நேரம் எனக்கு. இரண்டு வருடமாக நான் ரெக்கார்டு ஓட்டுவதைக் கேட்டது என் கட்டிலும் பீரோவும்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும்.

ஆனால் ஊசி குதித்தது. தறி உலுக்குகிற உலுக்கலில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எகிறிப் பாட்டின் வேறு இடத்தில் போய் விழுந்தது. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் ரெக்கார்டு பிளேயரும் நின்றுவிடும். டெபோரா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகலாமென்றால் அங்கே பெயின்ட் வேலை.

டெபோரா என் கல்லூரித் தோழி. லேப்டாப்பில் பதினாலாயிரம் பாட்டோடு ரிசப்ஷன், ஆண்டுவிழா என்று சுற்றுகிறவள். சனிக்கிழமை வந்து என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்கு ஏன் இப்படிக் கெடந்து சாவற பிரியா? எல்லாப் பாட்டும் எங்கிட்ட ஃபைலா இருக்கு. பத்து நிமிஷத்துல சேத்து, மேல அந்த ரெக்கார்டு சரசரப்பக் கொஞ்சம் தூவிட்டா எவனுக்குத் தெரியும்?"

அங்கேயே செய்தும் காட்டினாள். சரியாக இருபது நிமிடம். ஒரு பிசிறு இல்லை. என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை அப்பாவிடம், தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"நம்முளுத நிறுத்திப்போடலாஞ் சாமி. தெருவுல இருக்கறத ஆரு நிறுத்தறது?"

மதியம் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். விட்டத்தில் என் தொட்டில் கட்டிய கொக்கி. குழந்தை தூங்குவதற்கு வாகாகத் தரையைத் தொடாமல் தொங்குகிற ஒன்று! எழுந்து ஓடினேன். கொக்கியிலிருந்து பழைய சைக்கிள் ட்யூப் நாலு, அதில் தொங்க ஒரு பலகை. பலகை மேல் என் இரண்டு பிளேயரும். முதலில் ஊஞ்சல் போல ஆடிற்று, பிறகு அடங்கிற்று. பவர் பேங்கில் ஓடுகிற சின்ன மிக்ஸரைக் கட்டிலில் வைத்து, அதிலிருந்து போனுக்கு ஒயர் இழுத்தேன். ஊசியை இறக்கினேன். குதிக்கவில்லை.

ஆனால் ஹெட்போனில் பாட்டுக்கு அடியில் இன்னொன்று கேட்டது. தொம், தொம், தொம். ட்யூபையும் தாண்டித் தறி ஊசிக்குள் வந்துவிட்டது. டெபோராவின் ஃபைலுக்கு, வெளியே நடப்பது எதுவும் கேட்காது. ஊசிக்கு எல்லாம் கேட்கும். தறியிடம் வேகத்தை மாற்றச் சொல்ல முடியாது, நான்தான் அதன் வேகத்துக்குப் போக வேண்டும். ஸ்பீடு பட்டனை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். பாட்டு தறியோடு போய் ஒட்டிக்கொண்டது.

பதிவை ஆரம்பித்தேன். தூங்குகிற குழந்தையைத் தொடுவது போலத்தான் தொட முடிந்தது. அழுத்தினால் பலகை ஆடிவிடும். ஒரு ரெக்கார்டு உள்ளே வர, இன்னொன்று விலகிப் போனது. எதிர் வீட்டுத் தறிகள் கொஞ்சம் பிந்தி வந்தன, பிறகு எல்லாம் ஒரே அடியில் சேர்ந்தன, மறுபடி பிரிந்தன. எனக்கு அறை மறந்துவிட்டது. தெரு முழுவதும் ஒரு பெரிய தட்டில் ஏறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நானும் கூடவே சுற்றினேன்.

பதினேழாவது நிமிடத்தில் கரண்ட் போயிற்று.

தறிகள் இரண்டு மூன்று அடி தடுமாறி நின்றன. மிக்ஸர் மட்டும் உயிரோடு இருந்தது. இரண்டு ரெக்கார்டும் ஒரேயடியாக நிற்காமல், பாட்டு கனத்து, தடித்து, ஆழத்துக்கு இறங்கி, கடைசியில் ஒரு மூச்சு போலாகி அடங்கின. தம்ளரில் அலை இல்லை.

அப்பா கதவைத் திறந்து, தொங்குகிற பலகையையே பார்த்தார்.

"இதுவும் நம்ம தறியாட்டமே நிக்குது பாரு" என்றார். ஊசிக்கு அதுவும் கேட்டிருக்கும்.

ஐந்தே முக்கால் வரை கரண்ட் வரவில்லை. போனில் இரண்டு பதிவு. ஒன்று இருபது நிமிடம், பிசிறில்லாதது. இன்னொன்று பதினேழே நிமிடம். டெபோராவுடையதை ஒருமுறை போட்டுக் கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. அதில் எங்கள் தெரு இல்லை, நானும் இல்லை. என்னுடையதை அனுப்பினேன். கீழே, 'மீதி மூணு நிமிஷம் கரண்ட் இல்லீங்க' என்று எழுதினேன். ஆறேகாலுக்குக் கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

திங்கட்கிழமை மதியம் குருமூர்த்தியின் குரல் பதிவு வந்தது.

"அடியில ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருக்குதே, அது எந்த ரெக்கார்டுன்னு நாலு தடவ கேட்டுப் பாத்தேன், புடிபடலீங்க. அது இருக்கட்டும். கணக்குல மூணு நிமிஷம் கொறையுது. சனிக்கிழம வந்து அத இங்க முடிச்சுக் குடுத்துருங்க. அப்படியே மீதி அம்பத்தேழு நிமிஷத்தையும்."

தறிக்கூடத்துக்கு ஓடினேன். அந்தச் சத்தத்தில் அப்பாவின் காதுக்குள் கத்தித்தான் சொல்ல முடிந்தது. அவர் அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த மாடீல தறி இருக்குதா சாமி?"

"இல்லீங்கப்பா."

"அப்பறம் எதக் கேட்டுக்கிட்டு ஓட்டுவ?"