காப்புக் கட்டிய சாட்சி

உமையாள் கடிதத்தில் எழுதியது ஒரே ஒரு பொய்தான். அதிலேயே அகப்பட்டுக்கொண்டாள்.

"சாட்சிக்குக் காய்ச்சல்னு போட்டிருக்கீங்க. எம்சி எங்க?" என்று தொழிலாளர் இலாகாவின் பெண் அதிகாரி மலாயில் கேட்டார். டாக்டர் தரும் அந்த எம்சி சீட்டுக்கு அவள் எங்கே போவாள்? சாட்சி இருளப்பன் தோட்டத்துக் கோயிலில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்.

பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் உமையாள் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவள். போன மாதம் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவள் சேர்ந்தே மூன்று வருஷம்தான் என்று கம்பெனி சாதித்தது. பழைய பெயரேட்டைக் கறையான் தின்றுவிட்டதாம். கறையானுக்கும் ஆள் தெரிகிறது. மிச்சப் பத்தொன்பது வருஷத்துக்கு, விடியலில் பெரட்டு எடுத்து, பேர் பேராகக் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பிய மண்டோர் இருளப்பன் ஒருவர்தான் சாட்சி. புதன்கிழமை விசாரணை அவர் இல்லாமல் நடந்தால், அத்தனை வருஷமும் அதற்கான நஷ்டஈடும் காற்றோடு போய்விடும். அதற்குத்தான் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டு இந்தத் தவணைக் கடிதம்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள்.

"காய்ச்சல் இல்லைங்க. காப்புக் கட்டிட்டாரு. வெள்ளிக்கிழமை தீமிதி முடிஞ்சு அவுக்குற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. உங்க கடுதாசி வர்றதுக்கு மொத நாளே கட்டிட்டாரு. எழுதினா உங்களுக்குப் புரியாதுன்னு…"

ஒரு காலத்தில் காப்புக் கட்டினால் தோட்டமே கட்டுப்படும். பத்து நாளைக்கு எந்த லயத்து வீட்டிலும் கருவாட்டு வாசம் வராது. ரப்பர் மரம் சீவி முடித்த பெண்கள் குளித்து ஈரத்தலையோடு கோயிலுக்கு ஓடுவார்கள். ஜித்ராவுக்கும் பெண்டாங்குக்கும் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்குவார்கள். இப்போது லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. அந்த நாட்களை நினைத்து உமையாளுக்கு அழுகை வந்தது. அப்படிப்பட்ட காப்பைப் போய்க் காய்ச்சல் என்று எழுதினோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதிகாரி கம்பெனி ஆள் விக்னேஸ்வரன் பக்கம் திரும்பினார். "இப்படி ஒரு வழக்கம் உண்டா?"

விக்னேஸ்வரன் அதே தோட்டத்தில் பிறந்தவன், மருதம்மாளின் மகன். தவணை கொடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது. அவன் கம்பெனியின் கோப்புத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்டு, புவான். கட்டினவரு வர முடியாது. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

அதிகாரி கடிதத்தில் காய்ச்சல் என்ற சொல்லை அடிக்கச் சொல்லி, உண்மைக் காரணத்தை எழுத வைத்து, இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

படியிறங்கும்போது உமையாள் கேட்டாள். "தம்பி, ஆபீஸ்ல உன்னத் திட்டுவாங்கல்ல?"

"திட்டட்டும்லா, அக்கா. அடுத்த தடவ நான் வரல. வேற ஆள அனுப்பச் சொல்லப்போறேன்."

"ஏன்?"

"வந்தா, நீங்க அப்ப தோட்டத்துலயே இல்லன்னு நான் சொல்லணும். சின்ன வயசுல பெரட்டுச் சத்தத்துலதான் முழிப்பேன். உங்க பேரு கூப்பிட்டதும் அடுத்து எங்கம்மா பேரு. உங்க வருஷம் பொய்யின்னா, செத்துப்போன எங்கம்மாவோடதும் பொய்யிதானக்கா."

உமையாள் நின்றுவிட்டாள். "அப்ப வா. வந்து அதையே சொல்லு."

அவன் ஒரு படி இறங்கி நின்றான்.

"வேல போயிரும்க்கா" என்றான். பிறகு, "போனா போவுது. வர்றேன்" என்றான்.